டெல்மர் எங்களைக் கிழங்காக எண்ணியது

எங்கள் ஊரில் யாராவது "எனக்கு எண்ணத் தெரியும்" என்று சொன்னால், "எதை?" என்றுதான் கேட்போம். கேலிக்காகக் கேட்பதில்லை, பாருங்கள். கனடாவின் மேற்குக்கரைத் தீவில் நாங்கள் பேசுகிற ஹைடா மொழியில் ஒன்று என்பது சும்மா ஒன்று இல்லை. ஒரு முட்டைக்கு ஒரு விதமான ஒன்று, ஒரு துடுப்புக்கு வேறு விதமான ஒன்று, விரித்துப் போட்ட கம்பளிக்கு இன்னொன்று, படகுக்குத் தனி. பொருளின் உருவத்தைச் சொல்லும் ஒரு துணுக்கை எண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். உருண்டையா, நீளமா, தட்டையா, தொளதொளவென்று மடங்குமா என்று முதலில் கண் முடிவு செய்யும். வாய்க்கு வேலை அப்புறம்தான்.

இது போதாதென்று ஒன்பதுக்கு எங்களிடம் தனியாக ஒரு சொல் கிடையாது. பத்து, ஒன்று குறைய என்போம். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட முடியுமா என்றால், எங்கள் அகஸ்டா இருக்கிற இடத்தில் முடியாது. அகஸ்டா என் பெரியம்மா மகள். அவள் காதில் அந்தச் சொல் விழுந்தால் போதும், "அந்த ஒன்னை யார் எடுத்தது?" என்று சுற்றி இருக்கிற எல்லார் முகத்தையும் பார்ப்பாள். ஒரு முறை மீன் பங்கு போடும்போது இப்படிக் கேட்டுவிட்டு, ஒருத்தனின் கோட்டுப் பைக்குள் கையே விட்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் முன்னால்தான் டெல்மர் எண்ண வேண்டி வந்தது.

டெல்மர் காக்கைப் பக்கத்துப் பிள்ளை. நானும் அகஸ்டாவும் கழுகுப் பக்கம். ஊரே இந்த இரண்டு பக்கம்தான். காக்கை கழுகைக் கட்டும், கழுகு காக்கையைக் கட்டும், பிள்ளைகள் அம்மா பக்கம் சேரும். டெல்மரின் அப்பா அகஸ்டாவின் கூடப்பிறந்த அண்ணன். ஆக, நாங்கள் இரண்டு பேரும் அவனுக்கு அத்தைகள். வம்சப் பட்டப்பெயர் மட்டும் அவனுக்கு அம்மா வழியில், தாய்மாமனிடமிருந்துதான் வர வேண்டும்.

அவன் தாய்மாமன் எலியாஸ் தாங்கிய பெயருக்கு 'கதவு சாத்தாதவர்' என்று பொருள். பழைய பெயர், பெரிய பெயர். எலியாஸ் தன் வீட்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார் என்பது வேறு விஷயம். சாகும்போது டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரை நீ எடுத்துக்கோ, பெட்டிக்குள்ள போக விட்றாத" என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத பெயரைப் பெட்டிக்குள் போய்விட்டது என்போம். அடுத்த கோடைக்குள் டெல்மர் விருந்து வைக்க வேண்டும். கழுகுப் பக்கத்தை அழைத்து, சோறு போட்டு, பரிசு கொடுத்து, எங்கள் முன்னால் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் "பார்த்தோம், கேட்டோம்" என்று சொன்னால் பெயர் அவன் மேல் நிற்கும். சொல்லாவிட்டால் நிற்காது. அவ்வளவுதான் சங்கதி.

எலியாஸின் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. பெயர் எடுக்கிறவன் தானே நின்று, தன் வாயால், எங்கள் மொழியில், முதலில் விருந்தாளிகளையும் பிறகு கொடுக்கிற பரிசுகளையும் எண்ணிச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில் இந்த வம்பு கிடையாது.

டெல்மருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தெற்குத் தீவுக்குப் போகிற படகில் வண்டிகளுக்குக் கை காட்டுகிற வேலை. நல்ல உயரம், நல்ல மனசு, யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டான். விருந்துக்கு ஆறு மாதம் முன்பே தன் லாரிக்குள் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு எண்ணிப் பழகினான். தங்கை லவீனா ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பெருமை பேசினாள்.

"பெர்தா அத்தை, எங்க அண்ணன் தண்ணி மாதிரி எண்ணுறான். ஒரு இடத்துல நிக்கல."

"எதை எண்ணுறான்?" என்று கேட்டேன்.

"எதையாவது எண்ணுவான். எண்ணுன்னா எண்ணுதானே, அத்தை?"

லவீனா வான்கூவரில் வளர்ந்த பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

விருந்து ஜூன் மாதம், ஊர் மண்டபத்தில், நடுப்பகலில் ஆரம்பித்தது. நாங்கள் வழக்கம்போல அவரவர் கிண்ணம், கரண்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனோம். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. கடற்பாசி மேல் ஒட்டிய மீன்முட்டை, வாட்டிய சால்மன், மான்கறிக் குழம்பு, பொரித்த ரொட்டி. அகஸ்டாவே மூன்றாவது முறை வாங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேடை ஓரத்தில் பரிசுகள் கூரை தொட அடுக்கியிருந்தது. துண்டு, போர்வை, மீன் ஜாடி, கோப்பை, சாக்குச் சாக்காக அரிசி. லவீனா ஒரு வருஷமாகச் சேர்த்தது.

சாப்பாடு முடிந்ததும் டெல்மர் எழுந்தான். மாமனின் கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டிருந்தான், முழங்கால் வரைதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் மேசையிலிருந்து ஆரம்பித்து எங்களைக் கை காட்டி எண்ணினான். குரல் கணீரென்று இருந்தது. இருபதிருபதாகச் சேர்த்த விதம் சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு குறைதான். எங்களை உருண்டையாக எண்ணிவிட்டான்.

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

அகஸ்டா மெதுவாகத் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "டேய் டெல்மர். இப்ப என்னை என்னன்னு எண்ணின?"

"எண்ணினேன், அத்தை. உங்களையும் சேர்த்துத்தான் எண்ணினேன்."

"அது தெரியுது. ஆளா எண்ணினியா, உருளைக்கிழங்கா எண்ணினியா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. டெல்மரின் அம்மா, இப்போது இல்லை, ஓடைக்கரையில் கிழங்குத் தோட்டம் வைத்திருந்தாள். சின்ன வயதில் சாக்கில் கிழங்கு போடுகிற வேலை அவனுக்குத்தான். அம்மா எண்ணச் சொல்லிக்கொடுத்தது அங்கேதான். கிழங்கு உருண்டை. உருண்டைக்கான எண்கள்தான் எண்கள் என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான்! படகில் வண்டிகளை ஆங்கிலத்தில் எண்ணிவிடுவதால் குட்டு உடையவே இல்லை.

"கொஞ்சம் உருண்டைதான், அகஸ்டா. ஒத்துக்க," என்று பின் மேசையிலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு வெடித்தது. அகஸ்டா சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத் தலைவர் ஹோரஸ் எழுந்தார். எண்பது தாண்டியவர். எழுவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும், பேச ஆரம்பித்தால் உட்கார இன்னும் அதிக நேரம் பிடிக்கும். "விருந்துக்குக் கூப்பிட்டவங்களைக் கூட்டத்துல வச்சு கிழங்குன்னு சொன்னது அவமானம். எங்க பாட்டன் காலத்துல இதுக்கு என்ன செய்வாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும். அவமானத்தைப் பரிசு கொடுத்துத்தான் துடைக்க வேண்டும்.

டெல்மர் வியர்த்துப்போனான். "தப்புதான், பெரியப்பா. இதோ துடைச்சிடறேன்," என்று துண்டுக் கட்டுகளைத் தூக்கி வந்து மேசை மேசையாகக் கொடுத்தான். நல்ல தடிமனான துண்டு. கொடுத்துவிட்டு, வழக்கப்படி நின்று எண்ணினான்.

துண்டுகளையும் கிழங்காகத்தான் எண்ணினான்.

ஹோரஸ் தன் துண்டைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என் காது கிழங்கு வந்துச்சுங்குது. என் கண்ணு துண்டு வந்துச்சுங்குது. நான் எதுக்குடா சாட்சி சொல்றது?"

"துண்டுக்குத்தான், பெரியப்பா!"

"அப்ப என் காதை என்ன பண்றது? அறுத்துப் போட்டுடவா?"

கொடுத்ததற்கும் சொன்னதற்கும் பொருத்தமில்லை என்றால், கொடுத்த பரிசு கொடுக்காத பரிசாகிவிடும். அதுவும் ஒரு அவமானம். அதைத் துடைக்க இன்னொரு பரிசு. அந்தப் பரிசையும் எண்ணியாக வேண்டும். சுழலுக்குள் படகு போவதுபோல டெல்மர் உள்ளே போவது எங்களுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. ஆனால் துடுப்பு கையில் இல்லை.

போர்வை போனது, கிழங்காக. அரிசிச் சாக்கு போனது, கிழங்காக. மீன் ஜாடி வந்தபோது மண்டபமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜாடி உருண்டைதான், இந்தத் தடவை சரி என்றது ஒரு கூட்டம். ஜாடி நின்றால் நீளம், மூடியைப் பார்த்தால் தட்டை, உள்ளே இருப்பது துண்டு துண்டு மீன் என்றது இன்னொரு கூட்டம். ஹோரஸ் ஒரு ஜாடியை மேசையில் உருட்டி விட்டார். அது உருண்டு போய்க் கீழே விழுந்து உடைந்தது. "இப்ப உருவமே இல்லை," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

காக்கைப் பக்கத்தில் யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அந்த வீட்டில் எல்லா உருவத்துக்கும் எண்ணத் தெரிந்தவர் எலியாஸ் ஒருவர்தான், அவருக்குத்தான் விருந்துக்கு முந்தின மாதம் கல்லறைக் கல் நட்டோம். நாங்கள் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், அது எங்கள் எண்ணிக்கை ஆகிவிடும், அவன் எண்ணிக்கை ஆகாது. சாட்சி சொல்லிக்கொடுத்த வழக்கு எங்கேயாவது நிற்குமா?

லவீனா கெட்டிக்காரி. சட்டென்று சமையலறைக்குள் ஓடி, கடைசியில் கொடுப்பதற்காக வைத்திருந்த ஆரஞ்சுப் பெட்டிகளை இழுத்து வந்தாள். அண்ணன் காதில் என்னவோ சொன்னாள். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. ஆரஞ்சு! உருண்டை! அவனுக்குத் தெரிந்த ஒரே உருவம்! அகஸ்டாகூட, "சரி, எண்ணித் தொலை, என் காபி ஆறுது," என்றாள்.

டெல்மர் ஆரஞ்சைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் எதைச் சொன்னாலும் தப்பு என்று கேட்டுக் கேட்டு அவனுக்குத் தன் வாய் மேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. பழக்கமாக வருகிற சொல்லை விழுங்கிவிட்டு, எங்கேயோ கேட்ட வேறொரு சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னான்.

ஆரஞ்சுகளைக் கயிறாக எண்ணினான்.

"ஐயோ அண்ணா!" என்று லவீனா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சுளை நீளமாத்தானே இருக்கு..." என்று டெல்மர் முனகினான். ஒரு ஆரஞ்சு உருண்டு வந்து என் காலடியில் நின்றது, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேடை ஓரம் காலியாகிவிட்டது. ஹோரஸ் தாடையைத் தடவினார். "பாருப்பா, இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம். பேரு பெட்டிக்குள்ள போகட்டும். நீ நல்லா எண்ணக் கத்துக்கிட்டு, இன்னொரு விருந்து வை."

இன்னொரு விருந்து என்றால் இன்னும் நாலைந்து வருஷம். அதற்குள் யார் இருப்பார்கள், யார் போவார்கள்? டெல்மரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பெட்டிக்குள்ள போக விட மாட்டேன்னு மாமாவுக்குக் கை அடிச்சுக் கொடுத்திருக்கேன், பெரியப்பா. எங்க வீட்ல இன்னும் சாமான் இருக்கு," என்றான்.

எலியாஸ் விட்டுப்போன வீட்டில்தான் டெல்மர் இருந்தான், மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். லாரியை எடுத்துக்கொண்டு போனான். நாற்காலிகள் வந்தன. நாற்காலிக்கு நாலு கால், ஒரு முதுகு, ஒரு தட்டு. அதற்கு எந்த எண்? கிழங்கா கயிறா என்று தடுமாறிக் கிழங்கு என்றான். மீன் பெட்டி வந்தது, உள்ளே மீனோடு. ரம்பம் வந்தது. படகு மோட்டார் வந்தது, அது என்ன உருவம் என்று எங்களுக்கே தெரியவில்லை, ஆனால் கிழங்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கழிவறைக் காகிதம் சுருள் சுருளாக வந்தபோது, சுருளாக இருக்கையில் ஒன்று, இழுத்தால் வேறொன்று என்று ஹோரஸே பாவமாகச் சொன்னார். ரப்பர் பூட்ஸில் இடது கால் எனக்குக் கிடைத்தது, வலது கால் எதிர் மேசைக்குப் போனது. இன்றுவரை எதிர் மேசைக்காரி விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் மேசைக்கு அடியில் கால் வைக்க இடமில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அகஸ்டா என் விலாவில் இடித்தாள்.

"ஏன்டி பெர்தா. இதெல்லாம் சும்மாவா?"

"பரிசுதானே?"

"அவன் இன்னைக்குக் கொடுக்கறதை நாளைக்கு நம்ம பக்கம் விருந்து வச்சு ஒரு பங்கு கூட்டித் திருப்பணும். எண்ணிக்கை தப்பானாலும் வாங்கினது வாங்கினதுதானே, மோட்டார் வாங்கியிருக்கோம். மீன் பெட்டி வாங்கியிருக்கோம். மேல மேல தப்பா எண்ணிக்கிட்டே போனான்னா நாம எல்லாரும் ஆண்டி ஆயிடுவோம்டி!"

இந்தப் பேச்சு மேசைக்கு மேசை காட்டுத்தீயாய்ப் பரவியது. கொஞ்ச நேரம் முன்புவரை அவன் தப்பு செய்ய மாட்டானா என்று காத்திருந்த கூட்டம், இப்போது அவன் சரியாகச் சொல்ல மாட்டானா என்று ஏங்க ஆரம்பித்தது. வாயால் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றுதானே வழக்கம்? கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லையே!

டெல்மர் தூண்டில் கம்புகளைக் கொண்டு வந்து நின்றபோது, கழுகுப் பக்கம் முழுக்க இரண்டு கையையும் அகல நீட்டியது. பார்க்கிறவர்கள் நாங்கள் பறக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஹோரஸ் கூரையைப் பார்த்துக்கொண்டே மேசைக்கு அடியில் ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தார். டெல்மர் எங்களைப் பார்த்து மிரண்டான். "என்ன, அத்தை? போகணுமா? எல்லாரும் கிளம்பறீங்களா?" என்றான். கிழங்கென்று எண்ணினான்.

"இவனைப் பெத்தவளை முதல்ல கேக்கணும்," என்றாள் அகஸ்டா, கையைத் தேய்த்துக்கொண்டே. "வேற ஏதாவது விதைச்சிருக்கக் கூடாதா? ஒரு வரிசை கேரட் போட்டிருந்தா நீளத்துக்காவது எண்ணியிருப்பான்."

கடைசியில் ஒரு தடவை லாரி வெறுமனே திரும்பி வந்தது. டெல்மரின் காலில் செருப்புகூட இல்லை, அது ஹோரஸிடம் இருந்தது. வெளியே தூறல். பொழுது மட்டும் சாயவில்லை, ஜூனில் எங்கே சாயும்? எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் லவீனாவைப் பார்த்தான். லவீனா உதட்டைப் பிதுக்கினாள். "சுவர்தான் இருக்கு, அண்ணா."

"சுவர் மட்டுமா?" என்று கேட்டுவிட்டு டெல்மர் மறுபடி வெளியே போனான். இந்தத் தடவை லாரியில் போகவில்லை, ஓடினான். கொஞ்ச நேரம் கழித்து மண்டபத்துக் கதவை யாரோ முட்டுகிற சத்தம். திறந்தால், நட்டக்குத்தலாக ஒரு கதவு நிற்கிறது. கதவுக்குப் பின்னால் டெல்மர். எலியாஸின் வீட்டுக் கதவு. இரண்டு தாழ்ப்பாளோடு. முதுகில் சுமந்துகொண்டே மழையில் வந்திருக்கிறான்.

கதவை நடுக்கூடத்தில் இறக்கினான். மூச்சு வாங்கியது. "இதுதான் கடைசி. இதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்லை," என்றான்.

உடனே எங்கள் பக்கம் வேலையில் இறங்கிவிட்டது. பாதிப் பேர் உள்ளங்கையைத் தட்டையாக விரித்துக் காட்டினார்கள். ஆனால் எதிர் மேசையில் சிலர் கதவின் குமிழைப் பார்த்துவிட்டு, உருண்டையாகக் கையைச் சேர்த்துக் காட்டினார்கள். தாழ்ப்பாளைப் பார்த்தவர்கள் ஒற்றை விரலை நீட்டினார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் கத்த முடியாமல் கண்ணால் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஹோரஸ் மேசைக்கு அடியில் மூன்றையும் காட்டிக்கொண்டிருந்தார்.

டெல்மர் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கையைக் கதவின் மேல் வைத்தான். மேலே கொண்டுபோனான், கீழே கொண்டுவந்தான். முதுகில் இவ்வளவு தூரம் அழுத்திக்கொண்டு வந்த பலகை. அது என்ன உருவம் என்று முதுகுக்குத் தெரியாதா? அவன் உதடு மெல்ல அசைந்தது. அம்மா வாட்டிய மீனைப் பலகையில் பரப்பும்போது எண்ணுவாளாம், அது எப்போதோ காதில் விழுந்ததாம், அப்புறம் சொன்னான். அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவன் வாயிலிருந்து தட்டையான பொருளுக்கான ஒன்று வந்தது என்பதுதான்.

ஒரே ஒரு கதவு. சரியாக எண்ணப்பட்ட கதவு.

ஹோரஸ் எழுவதற்காக மேசையில் கை ஊன்றினார்.

"குமிழ்?" என்றாள் அகஸ்டா.

நான் அவள் காலை மிதித்தேன். அவள் நகரவில்லை. "கதவைக் கொடுத்தான், கதவை எண்ணினான், சரி. குமிழை எண்ணலையே. நாளைக்கு எவளாவது வந்து, குமிழை எண்ணல, பேரு செல்லாதுன்னு சொன்னா? அப்பவும் நான்தான் பொல்லாதவளா?"

மண்டபம் முழுக்க அவளைத் திட்டியது. லவீனா அழுதேவிட்டாள். ஆனால் டெல்மர் இருக்கிறானே, அவன் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தான். குனிந்து குமிழைத் திருகினான். பழைய பித்தளைக் குமிழ், கையோடு கழன்று வந்தது. உள்ளங்கையில் வைத்து அகஸ்டாவிடம் நீட்டினான். உருண்டை. ஓடைக்கரைத் தோட்டத்தில் நல்ல மண்ணில் விளைந்த கிழங்கு அளவு இருந்தது.

கணீரென்று எண்ணினான். ஒன்று.

நாற்பது வருஷமாக அவன் வாயில் ஊறிக் கிடந்த அந்தச் சொல்லை அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். கல்லில் அலை அடித்த மாதிரி விழுந்தது.

"பார்த்தோம், கேட்டோம்!" என்று ஹோரஸ் எழுந்திருக்காமலே கத்தினார். எழுந்து நின்று சொல்வதற்குள் அகஸ்டா தாழ்ப்பாளைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாள் என்ற பயம். மண்டபமே எழுந்து கத்தியது. மேசைகளைத் தட்டினோம். ஹோரஸ் டெல்மரின் தோளில் கை வைத்து, பழைய பெயரை நான்கு முறை சொன்னார், நாங்களும் கூடவே நான்கு முறை சொன்னோம். கதவு சாத்தாதவர். அப்போதுதான் யாருக்கோ உறைத்தது. சாத்துவதற்கு இனி அவனிடம் கதவே இல்லை! எலியாஸ் இரண்டு தாழ்ப்பாளுக்குள் உட்கார்ந்து காப்பாற்றிய பெயர், இவன் மேல்தான் சரியாகப் பொருந்தியது. மண்டபம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கதவும் குமிழும் அகஸ்டாவுக்குத்தான் போனது. கேட்டது அவள்தானே. நாங்கள் ஆறு பேர் சுமந்து அவள் கொட்டகையில் சாத்தி வைத்தோம். திருப்பிக் கொடு என்றால் முடியாது, எங்கள் பக்கம் விருந்து வைக்கிற அன்றுதான் கொடுக்கலாம், அதுவும் கூட ஒன்று சேர்த்து. "அப்ப அவனுக்கு ரெண்டு கதவு வரும். ரெண்டையும் எங்க மாட்டுவான்?" என்று அவளே இப்போது கவலைப்படுகிறாள்.

டெல்மர் வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறான். அதுவும் நான் அவனுக்கு இரவல் கொடுத்த போர்வை. அகஸ்டா தினமும் காலையில் அங்கேதான் காபி குடிக்கப் போகிறாள். "தட்டணும்னு இல்லை, கூப்பிடணும்னு இல்லை. மருமகன் வீடுன்னா இப்படி இருக்கணும்," என்கிறாள். கோப்பையை அவளே கொண்டுபோகிறாள், ஏனென்றால் அவன் கோப்பைகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன.

போன வாரம் நானும் கூடப் போனேன். போர்வையை விலக்கினால், நடுவீட்டில் ஒரு மான் நிற்கிறது. எங்களைப் பார்த்தும் அது அசையவில்லை, தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. டெல்மர் வெறும் தரையில் உட்கார்ந்து, புதிதாகத் தோண்டி வந்த கிழங்குகளை வரிசையாக வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். எந்தப் பிசிறும் இல்லாமல், உருண்டைக்கு உருண்டையாக.

"எவ்வளவு இருக்கு, மருமகனே?" என்று கேட்டேன்.

"பத்து, ஒன்னு குறைய, அத்தை," என்றான்.

அகஸ்டா கோப்பையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், டெல்மரைப் பார்த்தாள், கடைசியாக மானைப் பார்த்தாள்.

"அந்த ஒன்னை யார் எடுத்தது?"